விமானத்துக்கு எத்தனை வயது?

2024 அக்டோபர் 6ஆம் தேதி விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி மெரினாவில் சாகசக் காட்சி நடந்தது. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் உயிரிழந்த நாளாகவே சென்னை அதை நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் அன்று வானில் நடந்த ஒன்று அதிகம் பேசப்படாமலே போனது. காதைக் கிழித்துக்கொண்டு போன ரஃபேலுக்கும் தேஜஸுக்கும் இடையே, மயிலாப்பூர் மொட்டைமாடிகளிலிருந்தும் பார்க்கும்படியாக, இரட்டை விசிறி போட்ட ஒரு டக்கோட்டா நிதானமாகப் பறந்துபோனது. அதன் மூல வடிவம் முதலில் பறந்தது 1935இல். கடற்கரைச் சாலையில் அன்று நின்றிருந்த எந்த மாநகரப் பேருந்தைவிடவும் பல மடங்கு மூத்தது அந்த விமானம். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு வாகனங்கள் 15 ஆண்டைத் தாண்டினால் பதிவை இழக்கின்றன. சாலையில் ஓடும் பேருந்து பாதி வழியில் நின்றுபோனால் ஓரங்கட்டலாம். வானத்தில் ஓரம் கிடையாது. அப்படியிருக்க, பேருந்துக்கு 15 என்று கோடு போடுகிற நாம் விமானத்தை மட்டும் 40 ஆண்டு, 50 ஆண்டு பறக்க விடுகிறோமே, இது என்ன கணக்கு? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இயந்திரத்தின் வயது என்பது அது செய்யப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணிச் சொல்லக்கூடிய ஒற்றை எண் என்ற அனுமானம். அது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு போர் விமானத்தின் உண்மையான வயது, அதன் ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது.

முதலில் உலோகம் எப்படிக் கிழடாகிறது என்று பார்ப்போம். கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கட்டுக்கம்பியை வெட்டக் கருவி கையில் இல்லையென்றால் ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக நாலைந்து தடவை வளைப்பார்கள்; கம்பி தானே முறிந்துவிடும். ஒருமுறை இழுத்தால் அறாத கம்பி, அதைவிடக் குறைந்த விசையில் திரும்பத் திரும்ப வளைத்தால் அறுந்துபோகிறது. இதற்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் உலோகக் களைப்பு. விமானத்தின் இறக்கை ஒவ்வொரு முறை மேலெழும்போதும் மேல்நோக்கி வளைகிறது, தரையிறங்கியதும் தொய்கிறது. காற்றழுத்தம் ஏற்றப்பட்ட உடற்பகுதி உயரத்தில் பலூன்போல உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. எஃகுக்கு ஒரு சலுகை உண்டு: விசை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை ஆட்டினாலும் களைக்காது. விமானங்கள் பெரும்பாலும் செய்யப்படும் அலுமினியக் கலவைக்கு அந்தச் சலுகை இல்லை. சிறு ஆட்டமும் கணக்கில் ஏறும். ஆக, இந்தக் கடிகாரம் வருடங்களால் ஓடுவதில்லை, ஏறி இறங்கும் சுற்றுகளால் ஓடுகிறது. தாம்பரம் விமானத்தளத்தில் ஒரே ஓடுபாதையிலிருந்து இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பயிற்சி விமானம். ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை இறங்கி ஏறும். இன்னொன்று போர்ட் பிளேருக்குப் போகிற சரக்கு விமானம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து ஒரே ஒருமுறை இறங்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கியிருந்தாலும் பத்து வருடம் கழித்து அவை ஒத்த வயதுடையவை அல்ல.

இரண்டாவது கடிகாரம் நின்றுகொண்டிருந்தாலும் ஓடும். பெசன்ட் நகரிலும் அடையாற்றின் கடலோரத் தெருக்களிலும் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் துரு தலைகாட்டும். ஏசியின் வெளிப்பெட்டி கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில் பத்து வருடம் உழைத்தால் கடலோர வீட்டில் அதில் பாதிகூட உழைக்காது. காற்றில் வரும் உப்புத்தான் காரணம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்தது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் போட்டு வைத்து அவை தின்னப்படும் வேகத்தை அளந்துவரும் நிலையமும் அதற்கு உண்டு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைப்போம். பாத்திரத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ உண்மை. வலிமைக்காகச் செம்பும் துத்தநாகமும் சேர்த்த விமானக் கலவை வேறு சாதி. அதில் ஓர் எஃகு போல்ட்டை முடுக்கி இடுக்கில் உப்புநீரைச் சேரவிட்டால் ஒரு சின்ன பேட்டரியே தயார். அலுமினியம் கரைந்து மின்சாரம் கொடுக்கும். அரிப்பு உலோகத்தின் படலங்களுக்கு இடையே புகுந்துவிட்டால் பரோட்டாவைத் தட்டி உதிர்த்ததுபோல அடுக்கடுக்காகப் பிரிந்து எழும்பும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

இரண்டு கடிகாரமும் சேர்ந்து அடித்தால் என்ன ஆகும் என்பதை 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் உலகம் பார்த்தது. அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 பறந்துகொண்டிருக்கும்போதே முன்பகுதியின் கூரை பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானி எப்படியோ இறக்கிவிட்டார். அந்த விமானத்துக்கு வயது 19. பறந்த நேரம் சுமார் 35,500 மணி, பெரிய எண் அல்ல. ஆனால் தீவுக்குத் தீவு தாவித் தாவி அது ஏறி இறங்கிய சுற்றுகள் 89,680. வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டதோ 75,000. கூடவே கடல் ஈரம் தகடுகளை ஒட்டியிருந்த பசையைத் தின்றுவிட்டிருந்தது. பசை தாங்க வேண்டிய விசையை ரிவெட்டுகள் தாங்கின. ரிவெட் துளைகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வரிசையாக முளைத்தன. தனித்தனியே ஆபத்தில்லாத அந்தச் சின்ன விரிசல்கள் ஒரு நாள் கைகோத்தன. அது பயணி விமானம். ஆனால் பழைய ராணுவ விமானங்களைப் பராமரிக்கிற உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் படிக்கிற பாடம் அதுதான்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், பழையது ஆபத்து, புதியது பத்திரம் என்ற முடிவுக்கே வரத் தோன்றும். அந்த முடிவைக் கலைக்க ஒரு விபத்து போதும். 1969 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் எஃப்-111 ரகப் போர் விமானம் ஒன்றின் இறக்கை பிடுங்கிக்கொண்டு விழுந்தது. இரு விமானிகளும் இறந்தார்கள். அந்த விமானம் பறந்திருந்தது 100 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். சைக்கிளில் டயர் தேயக்கூட நேரமில்லை என்போமே, அப்படி. இறக்கை திரும்பும் மூட்டில் இருந்த எஃகுப் பாகத்தில் தயாரிப்பின்போதே ஒரு விரிசல் விழுந்திருந்தது. சோதனையில் யாரும் அதைக் காணவில்லை. அதற்கு முன்புவரை பொறியாளர்கள் ஒரு பாகத்தின் ஆயுளைக் கணக்கிட்டு, அதுவரை அது குறையில்லாதது என்று நம்பினார்கள். இந்த விபத்துக்குப் பின் அமெரிக்க விமானப்படை கணக்கைத் தலைகீழாக்கியது. எந்தப் பாகமும் பிறக்கும்போதே விரிசலோடுதான் பிறக்கிறது என்று வைத்துக்கொள். உன் சோதனையில் கண்ணில் தப்பக்கூடிய மிகப்பெரிய விரிசல் எவ்வளவு என்று பார். அது உடையும் அளவுக்கு வளர எத்தனை பறப்பு ஆகும் என்று கணக்கிடு. அதில் பாதிக் காலத்துக்குள் ஒருமுறை சோதி. ஒருமுறை கண்ணில் தப்பினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். எஃப்-111 விமானங்களைப் பெரிய அறைக்குள் நிறுத்தி, கழித்தல் 40 டிகிரிக்குக் குளிர்வித்து, இறக்கையை வளைத்துப் பார்த்தார்கள். குளிரில் எஃகு எளிதில் நொறுங்கும் என்பதால், மறைந்திருக்கும் விரிசல் தரையிலேயே வெளிப்பட்டுவிடும். 100 மணி நேரத்தில் இறக்கையை இழந்த அதே ரகத்தை ஆஸ்திரேலியா 1973இல் பெற்று 2010 டிசம்பர் வரை பறக்கவிட்டது. உலோகம் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய அறிவு மாறியது.

உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? தி.நகர் உஸ்மான் சாலையில் பழைய நகையை மாற்றப் போகிறவர்கள் இந்தக் கேள்வியின் வரலாற்றையே கண்ணால் பார்த்திருப்பார்கள். உருக்கிப் பார்த்தால் தங்கத்தின் தரம் சந்தேகமில்லாமல் தெரியும், ஆனால் நகை போய்விடும். உரைகல்லில் தேய்த்தால் ஒரு கீற்றுத் தங்கம்தான் போகும். இன்று கடைகளில் உள்ள கேரட் மீட்டரில் வைத்தால் எக்ஸ் கதிர் பட்டு உலோகம் தன் அடையாளத்தைத் தானே சொல்லிவிடும், நகைக்குச் சேதமில்லை. விமானத்துக்கும் இதே வழிதான். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைத் தூள் தூவினால், விரிசலுக்குள் ஒளிந்த சாயம் கசிந்து கோடு போட்டுக் காட்டும். இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறதே, அதே தத்துவத்தில் ஒரு சின்ன கம்பிச்சுருளைத் தகட்டின்மேல் நகர்த்தினால், விரிசல் வரும் இடத்தில் மின்னோட்டம் தடம் மாறும், முள் துள்ளும். மீயொலி உள்ளே போய் எதிரொலித்துத் திரும்பும். அடையாற்றை ஒட்டிய ஐஐடி மெட்ராஸில் இதற்கென்றே அழிவில்லாச் சோதனை மையம் இயங்குகிறது. இத்துறையினரின் இந்தியச் சங்கத்தின் தலைமையகமும் சென்னையில்தான். ஆனால் கருவியைப் பிடிக்கிற கை மனிதக் கை. கத்திரி வெயிலில், கொட்டகையில், ஏணிமேல் நின்றுகொண்டு முந்நூறாவது ரிவெட்டைச் சோதிக்கிறவரின் கவனம் முதல் ரிவெட்டில் இருந்ததுபோல் இருக்காது. அதனால்தான் ஒரு கருவி பார்க்கக்கூடிய விரிசலை அல்ல, சராசரி ஊழியர் பெரும்பாலும் தவறவிடாத விரிசலையே கணக்குக்கு எடுக்கிறார்கள். எனக்கு இது பொறியியலின் மிக நேர்மையான வழக்கங்களில் ஒன்றாகப் படுகிறது.

சரி, இவ்வளவு சந்தேகம் எதற்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிரித்துப் புதுப்பித்துவிட்டால் போயிற்று என்று கேட்கலாம். கோயிலுக்குப் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோம். கபாலீசுவரர் கோயிலுக்குக்கூட 2016 ஏப்ரலில் நடந்தது. செடி முளைத்த கோபுரத்துக்கு அது நல்ல வழக்கம். விமானத்தில் அது எப்போதும் பலிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடலோர விமானப் பிரிவில் பணியாற்றிய உயிரியலாளர் வாடிங்டன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்த பராமரிப்புச் சோதனை முடிந்த உடனே கோளாறுகள் கூடின. நாளாக ஆகக் குறைந்தன. அடுத்த சோதனைக்குப் பின் மறுபடி கூடின. நன்றாக இருந்ததைப் பிரித்துப் பூட்டியதே கோளாறுக்குக் காரணம். 1978இல் யுனைடெட் விமான நிறுவனத்தின் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய ஆய்வு இதை எண்களில் காட்டியது: விமானப் பாகங்களில் நாள்பட்டுத் தேய்கிறவை 11 சதவீதம் மட்டுமே. 68 சதவீதப் பாகங்கள் புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாகின. எல்லாவற்றையும் காலக்கெடு வைத்து மாற்றுவது பக்தி, பராமரிப்பு அல்ல. எது தேய்கிறது, எது தேய்வதில்லை, எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதே வேலை; அதற்கு ஒவ்வொரு விமானத்தின் பழுதுக் கதையும் ஆண்டுக்கணக்கில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்பேனருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு பதிவேட்டுக்கும்.

பதிவேடு பொய் சொன்னால்? அல்லது படிக்கப்படாமலே இருந்தால்? 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் பிரிட்டனின் நிம்ராட் எக்ஸ்வி230 தீப்பிடித்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். அந்த ரகத்தில் 1969இல் முதலில் சேவைக்கு வந்த விமானம் அது. கசிந்த எரிபொருள் சூடான குழாயைத் தொட்டிருக்கிறது. கசிவு முதுமையின் அறிகுறிதான். ஆனால் எரிபொருளும் சூட்டுக் குழாயும் அருகருகே இருந்தது வடிவமைப்பிலேயே இருந்த பிழை. விபத்துக்கு முன்பே அந்த விமானத்தின் பாதுகாப்பு பற்றித் தடித்த ஆவணம் ஒன்று தயாரிக்கப்பட்டிருந்தது. 2009இல் வெளியான ஹேடன்-கேவ் விசாரணை அறிக்கை அந்த ஆவணத்தைக் கிழித்துப் போட்டது: 30 ஆண்டுகள் பறந்துவிட்டது, ஆகவே பத்திரமானதுதான் என்ற எண்ணத்தோடே அதை எழுதியிருக்கிறார்கள் என்றது. மறுபக்கம், 2007 நவம்பரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் எஃப்-15 ஒன்று நடுவானில் இரண்டாக உடைந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் பறந்த விமானம். எல்லோரும் முதுமையைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். உடைந்த உத்திரத்தை அளந்தபோது, அது வரைபடத்தில் உள்ளதைவிட மெலிதாகவே தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது தெரிந்தது. பிறவிக் குறைதான், வெளிப்படக் காலம் பிடித்தது. விமானி குதித்துத் தப்பினார்.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் தனி முடிச்சு ஒன்று உண்டு. நம் பழைய விமானங்களில் பல, இன்று இல்லாத ஒரு நாட்டில் செய்யப்பட்டவை. 1984 முதல் விமானப்படைக்கு வந்த ஏஎன்-32 சரக்கு விமானம், சோவியத் யூனியனின் உக்ரைனில் வடிவமைத்துத் தயாரானது. 2009இல் சுமார் 100 விமானங்களின் ஆயுளை 40 ஆண்டாக நீட்டிக்க உக்ரைனுடன் ஒப்பந்தம் போட்டோம்; சிலவற்றை அங்கேயும் மீதியைக் கான்பூரில் உள்ள விமானப்படைப் பழுதுபார்ப்புக் கூடத்திலும் புதுப்பிப்பதாக ஏற்பாடு. 2014இல் கிரிமியா பிரச்சினை வெடித்ததும் உதிரிபாகங்கள் வருவது தடுமாறியது. ஒரு ரப்பர் வளையம் கிடைக்காமல் ஒரு விமானம் கொட்டகையில் நிற்கும். இன்னொன்றிலிருந்து கழற்றி அதில் மாட்டுவார்கள். கழற்றியதன் வரலாறும் மாட்டியதன் வரலாறும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் ஓடிய பம்ப் எந்த விமானத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத நாளில்தான் ஒரு விமானம் உண்மையிலேயே கிழடாகிறது என்பேன்.

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது: மிக் விமானங்கள். 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துகளில் போயின. 171 விமானிகள் இறந்தார்கள். மிக்-21 கடைசியாக விடைபெற்றது 2025 செப்டம்பர் 26 அன்றுதான். இவ்வளவு உயிர் போன பிறகு, அறிவு இருந்தால் பழையதும் பத்திரம் என்று பேசுவது குரூரமாக இல்லையா? அந்தக் கோபத்தை மறுக்க மாட்டேன். மாற்றாக வரவேண்டிய தேஜஸ் தாமதமாகிக்கொண்டே போனதால் அந்த விமானம் தேவைக்கு மேல் சில ஆண்டுகள் இழுக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த 482 பல பத்தாண்டுகளில் பரவிக் கிடக்கிறது. புதிதாக வந்த காலத்து விபத்துகளும் அதில் சேரும். ஒற்றை எஞ்சின், மிக வேகமாகத் தரையிறங்க வேண்டிய சிறிய இறக்கை, இடையில் பயிற்றுவிக்கத் தகுந்த ஜெட் இல்லாமல் இளம் விமானிகளை நேரே அதில் ஏற்றியது, எல்லாம் சேர்ந்த கணக்கு அது. முதுமை மட்டுமே காரணமானால், கீழே சொல்லப்போவதற்கு விளக்கமே கிடையாது. சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளியில் 1988இல் வந்த எட்டு டியு-142 ரோந்து விமானங்கள் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானம் ஏறினார்களே, அதே தளம். நான்கு எஞ்சின், எட்டு விசிறி, சோவியத் தயாரிப்பு, வேலையெல்லாம் உப்புக் கடலின் மேல். இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லா ஆபத்தும் ஒன்றுசேர்ந்த விமானம் அது. அந்த எட்டும் 29 ஆண்டில் சுமார் 30,000 மணி நேரம் பறந்து, ஒரு விபத்தும் இல்லாமல் 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன. அறிவு இருந்தால் எதையும் எவ்வளவு காலமும் பறக்கவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. சோதிக்கும் செலவும் சோதிக்காத பயமும் ஒரு கட்டத்தில் புதிய விமானத்தின் விலையைத் தாண்டும். அந்தக் கட்டத்தைச் சொல்லவும் பதிவேடுதான் வேண்டும், காலண்டர் சொல்லாது.

அறிவு எப்படித் தொலைகிறது என்பதற்குச் சென்னைக்கு எதிரே உள்ள கடலே சாட்சி. 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூன்று பேரோடு காணாமல் போனது. அது சேவைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு மாதம் தேடி, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் பதிவுக் கருவியை எடுத்தார்கள். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அவசரகால ரேடியோ அலை உப்புநீருக்குள் ஊடுருவாது. ஆழத்துக்குப் போனதும் விமானம் ஊமையாகிவிட்டது. ஏழரை ஆண்டு கழித்து, பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். முதுமையால்தான் அது விழுந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்பவர் ஊகிக்கிறார். இதற்கு மாறாக, 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இத்தாலிக் கடலில் விழுந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் எல்பா தீவருகே சிதைவுகளை அள்ளி வந்து அடுக்கினார்கள். கூடவே முழு விமான உடலை ஒரு தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தி அழுத்தித் தளர்த்தினார்கள். உலோகக் களைப்பு என்ற சொல்லை விமானத் துறை அங்கேதான் உண்மையில் கற்றது. சிதைவு கிடைத்து, அதைப் படித்து வெளியிட்டதால் உலகத்தின் எல்லா விமானங்களும் பாதுகாப்பாயின.

ராணுவ விமான விபத்து அறிக்கைகளை வெளியிட்டால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது நம் ஊரில் வழக்கமாக வரும் பதில். ரேடாரையும் ஆயுதத்தையும் மறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓர் உத்திரம் எத்தனை மில்லிமீட்டர் மெலிந்திருந்தது என்பது எந்த எதிரிக்கும் பயன்படாத தகவல். அமெரிக்கா அதை வெளியிட்டது, பிரிட்டன் நிம்ராட் அறிக்கை முழுவதையும் அச்சிட்டு விற்றது. பயணி விமான விபத்துகளின் அறிக்கைகளை இந்தியாவும் வெளியிடத்தான் செய்கிறது. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லப்பட்டது. எண்ணும், சில சொற்களில் காரணமும் நமக்குக் கிடைத்தன. ஒவ்வொரு விபத்துக்கும், ரகசியத்தை நீக்கிவிட்டு, எந்தப் பாகம், எத்தனை மணி நேரம், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நான்கு பக்கச் சுருக்கமாவது விமானப்படை வெளியிட வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் அடையாற்றிலும் விமானப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஹவாயையும் நெவாடாவையும் படித்துவிட்டார்கள். வங்கக் கடலையும் அவர்கள் படிக்கட்டும்.